மாவிலித்துறைச் சாமான் கொப்பி

வவுனியா,
04.03.2024

அன்புள்ள நிசாந்தனுக்கு,

நீரும் துஷாந்தினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் உமது அக்காவும் குறைவின்றி இருக்கிறோம். அவவின் முழங்கால் நோ மழை விட்டபின் தணிந்துள்ளது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீர் சொன்னவற்றில் பாதியை இஞ்சின் சத்தமும் மீதியைக் காற்றும் கொண்டுபோய்விட்டன. ஆகவே இந்த விடயம் முடியும்வரை நாம் கடிதத்திலேயே பேசிக்கொள்வோம். கோப்பில் வைக்க முடியாத பேச்சு, எதிர்த்தரப்பு மறுத்த கணமே இல்லாத பேச்சாகிவிடும். இதைக் கேட்டு உமது அக்கா சிரிக்கிறா. "தபால் பையைச் சுமக்கிறதும் அவன்தானே, தன்ர கடிதத்தையும் தானே சுமக்கட்டும்" என்கிறா.

நான் விளங்கிக்கொண்டது இது. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடும் அரசாங்கப் படகில் நீர் ஒன்பது ஆண்டுகளாக நாளாந்தச் சம்பளத்தில் வேலை செய்கிறீர். திணைக்களம் இப்போது படகுப் பணியாளர்களை நிரந்தரமாக்க விண்ணப்பம் கோரியுள்ளது. வயதெல்லை நாற்பத்தைந்து. உமக்கு அது வரும் டிசம்பர் ஒன்பதாம் திகதி நிறைகிறது. இம்முறை தவறினால் மறுமுறை என்று ஒன்று உமக்கு இல்லை.

எப்போது சேர்ந்தீர், சம்பளத் துண்டில் உமது பதவி என்ன, ஒரு நாளில் எப்போது வேலை தொடங்கி எப்போது முடிகிறது என்பவற்றை எழுதி அனுப்பும். உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதும்.

அன்புடன்,
அத்தான் குலசிங்கம்


நெடுந்தீவு,
19.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அக்காவை அடிக்கடி படி ஏறி இறங்க விடவேண்டாம்.

உங்கள் கடிதத்தைக் குறிகட்டுவானில் தபால் பையோடு ஏற்றினதும் நான்தான், இங்கே மாவிலித்துறையில் இறக்கினதும் நான்தான். அக்கா சொன்னது சரி.

2015 ஆனி முதலாம் திகதி சேர்ந்தனான். சம்பளத் துண்டில் என் பதவி "நாளாந்தத் தொழிலாளி". அதில் கடல் என்ற சொல்லே இல்லை. படகில் நாங்கள் மூன்று பேர். சுக்கான் பிடிப்பவர் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. அவர் மட்டும் நிரந்தரம், வரும் தையில் ஓய்வு பெறுகிறார். இஞ்சின் சசிகரனுடைய பொறுப்பு. அவனும் என்னைப் போல நாளாந்தம். கயிறு, நங்கூரம், சாமான்கள், ஆட்களைக் கைகொடுத்து ஏற்றி இறக்குவது எல்லாம் நான்.

படகு இரவில் நெடுந்தீவில்தான் நிற்கும். விடிய நாலரைக்குத் துறைக்குப் போய், உள்ளே நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு, ஐந்து மணி தொடக்கம் சாமான் ஏற்றி, ஆறரைக்குக் கயிறு அவிழ்ப்பம். ஏழரை கடந்து குறிகட்டுவான். வரவுப் பதிவேடு அங்கே துறை அலுவலகத்தில் இருக்கிறது. அதை வைத்திருக்கும் இலிகிதர் எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் கையொப்பம் வைப்பம். பின்னேரம் கடைசிப் பயணத்துக்கு முன், நாலு மணிக்கு, வெளியேறும் கையொப்பம். அதற்குப் பிறகுதான் சனத்தை ஏற்றிக்கொண்டு நெடுந்தீவுக்குத் திரும்புகிறோம், இங்கே கயிறு கட்டி முடிய ஐந்தரை ஆகும். பதிவேட்டைப் பார்த்தால், நான் காலையில் கடலை எப்படிக் கடந்து வந்தேன், பின்னேரம் எப்படி வீட்டுக்குப் போனேன் என்று ஒருவருக்கும் தெரியவராது. நீந்துகிறேன் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

சம்பளம் கூடினால் நல்லதுதான். ஆனால் காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் அந்த நாள் சம்பளம் இல்லை, காயப்பட்டால் ஆளே இல்லை என்ற நிலை மாறவேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

மூத்தவள் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, மாமா அடிமட்டம் வைத்துக் கோடு போட்டா எழுதுகிறார் என்று கேட்டாள்.

அன்புள்ள மைத்துனன்,
நிசாந்தன்


வவுனியா,
02.04.2024

அன்புள்ள நிசாந்தனுக்கு,

உமது கடிதம் கண்டு மகிழ்ந்தோம். அடிமட்டம் வைத்து எழுதுவதில்லை என்று மகளுக்குச் சொல்லும். அதை மேசையில் வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

உமது விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். இத்துடன் உள்ள பிரதியில் மூன்று இடங்களில் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பவும். கடற்சேவை என்று நாம் கோருவது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம். பதிவேடு காட்டுவது எட்டு. ஓர் எழுத்தை மறுக்க அதற்கு நிகரான இன்னோர் எழுத்து வேண்டும், ஞாபகம் போதாது. அப்படி ஏதும் இருக்கிறதா என ஆறுதலாக யோசித்துப் பாரும்.

ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த ஆண்டு உமது வரவில் ஓர் இடைவெளியும் இருக்கக் கூடாது. எது நடந்தாலும் எட்டு மணிக் கையொப்பத்தைத் தவறவிட வேண்டாம். இலிகிதரோடு வாக்குவாதமும் வேண்டாம்.

சோளகக் காற்று தொடங்கப் போகிறது. கடலில் கவனம்.

அன்புடன்,
குலசிங்கம்


நெடுந்தீவு,
27.06.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறோம்.

பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னிக்கவும். படகில் வேலை கூடிவிட்டது. விண்ணப்பம் அன்றே அனுப்பிவிட்டேன். மணித்தியாலக் கணக்கைப் பற்றி இனிப் பெரிதாக வலியுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். தருவதைத் தரட்டும். வரவில் இடைவெளி ஒன்றும் இல்லை.

வேறு விசேடம் இல்லை.

இப்படிக்கு,
நிசாந்தன்


வவுனியா,
05.07.2024

அன்புள்ள நிசாந்தனுக்கு,

இங்கு சுகம். அங்கத்தைய சுகத்தைப் பற்றித்தான் இக்கடிதம்.

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கையொப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பிழைப்பவன் நான். மார்ச் மாதக் கடிதத்தில் உமது எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ழகரத்தின் வால் அடுத்த வரியைத் தொடும். ஜூன் மாதக் கடிதத்தில் எழுத்துகள் நிமிர்ந்து, உருண்டு, பள்ளிக்கூடத்து ஒழுங்கோடு நிற்கின்றன. அதை எழுதியவர் நீர் அல்லர். கடிதத்தில் சிரிக்க ஒரு பகிடிகூட இல்லை என்பதை உமது அக்கா கண்டுபிடித்தா. என்னுடையதைவிட அவவுடைய சான்று வலுவானது.

ஒரே ஒரு கேள்விதான். உமது கைக்கு என்ன நடந்தது?

குலசிங்கம்


நெடுந்தீவு,
14.07.2024

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

துஷாந்தினி எழுதுகிறேன். போன கடிதத்தை எழுதியதும் நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

ஜூன் பதினொராம் திகதி விடியச் சோளகம் பலமாக இருந்தது. ஐந்தரைக்குக் கிட்ட, படகு துறையை விட்டு விலகி இழுத்தபோது, கயிற்றுக்கும் அதைக் கட்டும் கட்டைக்கும் இடையில் இவருடைய வலக்கை அகப்பட்டுவிட்டது. ஆட்காட்டி விரலின் நுனி போய்விட்டது. நடுவிரல் மடங்காது. இங்கே மருந்து கட்டிவிட்டு உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அதே படகில்தானே போகவேண்டும், போனார். குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. சசிகரன் ஏறச் சொல்ல, இவர் ஏறவில்லை. "எட்டு மணிக் கையொப்பத்தைத் தவறவிடாதை எண்டு அத்தான் எழுதினவர்" என்று சொல்லி, அலுவலகக் கதவு திறக்கும்வரை இருபது நிமிடம் வாசல் வாங்கிலில் குந்தியிருந்தாராம். இடக்கையால் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கையொப்பத்துக்குப் பக்கத்தில் இலிகிதர் "கடமைக்கு வரும்போதே காயத்துடன் வந்தார்" என்று எழுதிவிட்டார். இப்போது காயத்துக்கு விண்ணப்பித்தால், அது வேலை நேரத்துக்கு முன் நடந்தது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். நிரந்தரத்துக்கு உடற்தகுதியும் பார்ப்பார்களாம். ஒரு கிழமையில் மீண்டும் போய்விட்டார், வரவில் இடைவெளி இல்லை என்று எழுதச் சொன்னது பொய். இடக்கையால் கயிறு எறிகிறார்.

உங்களுக்குச் சொன்னால் நீங்கள் மனம் வருந்துவீர்கள் என்றுதான் சொல்ல விடவில்லை.

அன்புள்ள தங்கை,
துஷாந்தினி


வவுனியா,
20.07.2024

அன்புள்ள நிசாந்தனுக்கு,

உமது உடல்நலமே எங்கள் முதற்கவலை. அக்கா இரண்டு நாள்களாக என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அது நியாயமே.

விடயம் எனக்குத் தெரியவந்துவிட்டது. சொன்னவரைக் கோபிக்க வேண்டாம். நான் எழுதிய "எது நடந்தாலும்" என்பதில் இது அடங்கவில்லை. ஆனால் விலக்கு ஒன்றை எழுதாமல் விட்டவன் நான். தவறு வரைந்தவனுடையது, வாசித்தவனுடையது அன்று. இதைக் கடிதத்தில் எழுதுகிறேன், கோப்பில் இருக்கட்டும்.

இனி இரண்டு வழக்குகள் இல்லை, ஒன்றுதான். விடிய ஐந்தரைக்கு நீர் வேலையில் இருந்தீர் என்று நிறுவினால் காயமும் நிலைக்கும், ஒன்பது ஆண்டுச் சேவையும் நிலைக்கும். நிறுவாவிட்டால் இரண்டும் போகும். எட்டு மணிக்கு முன் அந்தப் படகில் நேரத்தோடு எழுதப்பட்ட ஏதாவது உண்டா? ஒரு துண்டுக் கடதாசி என்றாலும் போதும்.

அன்புடன்,
அத்தான்


நெடுந்தீவு,
03.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், ஆகவே கை ஆறிவருகிறது என்று எழுதுகிறேன். இதையும் துஷாந்தினிதான் எழுதுகிறா. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்த நாள் சம்பளத்தையும் நினைத்துத்தான் வாங்கிலில் இருந்தனான்.

நீங்கள் கேட்டது ஒன்று இருக்கிறது. சாமான் கொப்பி.

நெடுந்தீவில் ஆருக்கு என்ன தேவையென்றாலும் விடியப் படகடியில் எங்களிடம்தான் தருவார்கள். மருந்துத் துண்டு, மோட்டார் வயர், பள்ளிக்கூடப் படிவம், எல்லாம். முன்பு வாயால் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒருமுறை கலியாண வீட்டுப் பூமாலை நயினாதீவுக்குப் போய், அங்கே போகவேண்டிய இஞ்சின் பெல்ற் கலியாண வீட்டுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெட்டியோடு மணவறையில் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கொப்பி. நேரம், தந்தவர், பொருள், பெறுபவர், பெற்றவரின் கையொப்பம். ஒன்பது வருடத்தில் மூன்று கொப்பி.

ஆனால் அதைத் தரமாட்டேன். தனியார் பொருட்களை ஏற்றக்கூடாது என்ற சுற்றறிக்கை துறை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. படகுக்குப் பொறுப்பு பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்க, அவருடைய ஓய்வூதியத்தில் என் விரலுக்குக் கணக்குத் தீர்க்க ஏலாது. நாங்கள் ஆரிடமும் ஐந்து சதம் வாங்கினதில்லை. இருந்தும் விதி விதிதானே. அதை நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள்.

அக்காவை உங்களோடு கதைக்கச் சொல்லவும்.

நிசாந்தன்


நெடுந்தீவு,
30.08.2024

மதிப்புக்குரிய சட்டத்தரணி தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் என் மனைவி மேரிஜோசப்பினும் சுகம்.

நிசாந்தன் உங்களுக்கு எழுதி நாலு கிழமை. தபால் பை வரும்போதெல்லாம் ஒன்றும் தெரியாதவன் போல அதை ஒருதரம் தடவிப் பார்க்கிறான். பதில் வரவில்லை. என்ன எழுதினாய் என்று கேட்டேன். மழுப்பினான். சசிகரனைப் பிடித்து உலுப்பினேன், எல்லாம் விழுந்தது.

என் ஓய்வூதியத்தைப் பற்றி என்னைக் கேளாமல் இவன் ஆர் முடிவெடுக்க? முதல் கொப்பியைப் பெருங்காட்டுச் சந்திக் கடையில் வாங்கினவன் நான். மட்டையில் என் பெயர் இருக்கிறது, பாருங்கள். மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால் பையை ஏற்றினவன் நிசாந்தன். உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரியாது.

முப்பத்தொரு வருடம் சுக்கான் பிடித்தவன். காற்று மாறினால் திருப்பத் தெரியும்.

இப்படிக்கு,
அ. பஸ்ரியாம்பிள்ளை


வவுனியா,
18.09.2024

அன்புள்ள நிசாந்தனுக்கு,

கை எவ்விதம் இருக்கிறது? ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியை நாள்தோறும் செய்கிறீரா? அக்கா வழமைபோல் கதைக்கிறா.

உமது ஓகஸ்ட் கடிதத்துக்கு மூன்று பதில்கள் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். கொப்பியைத் தரும்படி உம்மை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. வேண்டாம் என்று ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை. எழுதத் தெரியாத ஒன்றை எழுதாமல் விட்டேன். அதனால் உம்மைக் காக்க வைத்தமைக்கு வருந்துகிறேன்.

பின்னர் பஸ்ரியாம்பிள்ளை அவர்களின் பொதி வந்தது. அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தைத் தனியாகப் பெற்றபின்னரே கொப்பிகளைத் திறந்தேன். பத்து நாள்கள் வரிவரியாக வாசித்தேன்.

ஜூன் பதினொன்று. முதல் வரி, 5.10: மாவிலித்துறைக் களஞ்சியத்திலிருந்து எரிபொருள் அறிக்கை, துறை அலுவலகத்துக்கு. இரண்டாவது, 5.20: கிறிஸ்ரினா ரீச்சரின் படிவம். மூன்றாவது, 5.25: "மேரிறோஸ் அக்கா, இன்சுலின் து". அங்கே உமது எழுத்து நின்றுவிடுகிறது. "துண்டு" என்று முடித்து, அடுத்த வரிகளைத் தொடர்ந்தவர் சசிகரன். பக்கத்தின் அடியில் கபில நிறக் கறை ஒன்று உள்ளது. அது என்னவென்று நான் கூறமாட்டேன். அலுவலர் கேட்டால் நீர் கூறும்.

இனி முக்கியமானது. 5.10 வரியின் கடைசியில் பெற்றவரின் கையொப்பம் இருக்கிறது. அது இலிகிதருடையது. அன்று காலை பதிவேட்டில் நீர் கடமைக்கு முன் காயப்பட்டவர் என்று எழுதிய அதே கை, நீர் 5.10க்குப் படகில் பொறுப்பேற்ற அலுவலகக் கடிதத்தை இக்கொப்பியில் பெற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளில் இவ்வாறான எரிபொருள் அறிக்கைகள் ஆயிரத்து அறுநூற்றுப் பதினேழு. அவர்களுடைய கடிதத்தை ஏற்றும்போது அது வேலை. கயிறு கையை நசுக்கும்போது அது வேலை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கொப்பியைத் தவறு என்றால், அதில் நாள்தோறும் ஒப்பமிட்டவரும் அத்தவறில் பங்காளி.

நாம் கோரியுள்ள திணைக்கள விசாரணையில் சட்டத்தரணி தோன்ற இடமில்லை. ஆகவே மூவரும் கேட்டதற்கு மட்டும் பதில் கூறுங்கள். இலிகிதருக்கு நெடுந்தீவிலிருந்து மண் தயிர்முட்டி போனதாக எண்பத்துமூன்று பதிவுகள் உள்ளன. அவை வழக்குக்குத் தேவையற்றவை. அவற்றைப் பற்றி எவரும் வாய் திறக்க வேண்டாம். குறிப்பாகப் பஸ்ரியாம்பிள்ளை அவர்கள்.

அன்புடன்,
அத்தான் குலசிங்கம்


நெடுந்தீவு,
22.11.2024

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம், இம்முறை உண்மையாகவே. மழை தொடங்கிவிட்டது. கடல் இன்னும் பரவாயில்லை.

விசாரணை பன்னிரண்டாம் திகதி நடந்தது. விசாரணை அலுவலர் ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவ, அவசரப்படாதவ. நீங்கள் ஒட்டிய அடையாளத் துண்டுகளின்படி பக்கங்களைத் திருப்பினா. கறையைப் பார்த்து என்னவென்று கேட்டா. சொன்னேன். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டா.

பிறகு பஸ்ரியாம்பிள்ளை அண்ணையிடம், தனியார் பொருள் ஏற்றியது உங்கள் பொறுப்பு, ஓய்வூதியத்தைப் பற்றி யோசித்தீர்களா என்று கேட்டா. அண்ணை எழும்பி நின்றார். "அம்மா, முப்பத்தொரு வருசம் விடிய ஐஞ்சு மணிக்கு வேலைக்கு வந்தனான். அது வேலை இல்லை எண்டு இப்ப நானே ஒத்துக்கொண்டால், பிறகு எதுக்கு எனக்கு ஓய்வூதியம்?" என்றார். அவ பேனையை மேசையில் வைத்துவிட்டா.

இலிகிதரைக் கூப்பிட்டு, இந்தக் கையொப்பம் உங்களுடையதா என்று கேட்டா. தன்னுடையது போலத்தான் இருக்கிறது, சரியாகச் சொல்ல ஏலாது என்றார். அத்தான், நாங்கள் உங்கள் சொல்லை அதுவரைக்கும் காப்பாற்றினோம். அண்ணை அமைதியாகச் சொன்னார்: "தயிர்முட்டிக்கு வைச்சதோட ஒத்துப் பாருங்கோ அம்மா, அது ஆறுதலா வைச்சது, வடிவா இருக்கும்." சசிகரன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். இலிகிதர்தான் முதலில் சிரித்தவர். சிரித்துவிட்டு, தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்து, அன்று நேரத்தைப் பார்த்து எழுதினேன், ஆளைப் பார்க்கவில்லை தம்பி என்றார். அவர் பொல்லாதவர் அல்ல, எட்டு மணிக்குக் கதவு திறப்பவர், அவ்வளவுதான்.

நேற்று முடிவு வந்தது. காயம் கடமையின்போது ஏற்பட்டது. ஒன்பது வருடமும் கடற்சேவையாகக் கணக்கிடப்படும். நிரந்தரப் பட்டியலில் சசிகரனின் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. உடற்தகுதி பார்த்த வைத்தியர், இடக்கையால் கயிறு எறிந்து காட்டச் சொன்னார். அவர் இருந்த கதிரையின் காலிலேயே முடிச்சுப் போட்டுக் காட்டினேன். கொப்பி பற்றி அண்ணைக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். இனி அந்தக் கொப்பி திணைக்கள முத்திரையோடு படகின் பதிவாக இருக்கும்.

வரவுப் பதிவேடும் படகுக்கே வந்துவிட்டது. இன்று காலை முதல் பக்கம். அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நியமனக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை.

அன்புள்ள மைத்துனன்,
நிசாந்தன்


வவுனியா,
01.12.2024

அன்புள்ள நிசாந்தனுக்கு,

உங்கள் எல்லோரின் சுகமும் அறிந்து நிம்மதி. இங்கு அக்கா அயலுக்கெல்லாம் பயற்றம் பணியாரம் கொடுத்துவிட்டா. நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை பொறுக்கும்படி ஆலோசனை கூறினேன். ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பட்டியல் உமது பிறந்த நாளுக்கு முன் ஒப்பமிடப்பட்டுள்ளதால் வயதெல்லை உம்மைப் பாதிக்காது என்பதே என் கருத்து. ஆயினும் ஒன்பதாம் திகதிக்குள் கடிதம் வராவிடில் அனுப்பவேண்டிய நினைவூட்டலை இத்துடன் வைத்துள்ளேன்.

தயிர் பற்றிய என் ஆலோசனையும் தவறு என்று பஸ்ரியாம்பிள்ளை அவர்களுக்குத் தெரிவிக்கவும்.

நீர் அனுப்பிய பதிவேட்டுப் பிரதியை அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். நேரம் 4.35. பெயர், அதற்கெதிரே கையொப்பம். பிறகு உமது நவம்பர் கடிதத்தை மார்ச் மாதக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுத்துகள் பெரிதாகி இருக்கின்றன. வரிகள் நேராக இல்லை. சில இடங்களில் பேனை நின்று, திரும்பவும் தொடங்கியிருக்கிறது. இக்கடிதத்தை எழுத உமக்கு ஓர் இரவு முழுவதும் எடுத்திருக்கும். இதைப் பற்றி நீர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஆனால் எழுத்துகள் வலப்பக்கம் சாய்கின்றன. ழகரத்தின் வால் அடுத்த வரியைத் தொடுகிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று எந்த மன்றிலும் சத்தியம் செய்ய நான் ஆயத்தம்.

மகளுக்கு ஓர் அடிமட்டமும் அக்காவின் பணியாரமும் அனுப்புகிறேன். கொப்பியில் பதிந்து, பெற்றவரின் கையொப்பத்தையும் வாங்கி வைக்கவும்.

அன்புடன்,
அத்தான்
குலசிங்கம்